நம் நிரலை ஒரு கம்பனி எடுத்து விற்கிறது: லைசன்ஸ் போடாமல் விட்டவர் இனி என்ன செய்யலாம்?

வாசகர் கடிதம்:

"நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது புளூடூத் தராசிலிருந்து எடையை நேரே போனில் பதியும் ஆண்ட்ராய்ட் செயலி ஒன்றை இரண்டு நண்பர்களோடு சேர்ந்து எழுதினேன். சாக்குக் கழிவு, ஈரக் கழிவு போக மிச்சம் எவ்வளவு, யாருக்கு முழுப்பேர் (முழு நாட் சம்பளம்), யாருக்கு மேலதிகக் கிலோ என்று அன்று மாலையே காட்டும். தொழிலாளி தன் கிலோவைத் தானே பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நிரலை கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டோம். லைசன்ஸ் எதுவும் போடவில்லை. இப்போது கொழும்புக் கம்பனி ஒன்று அதைப் பெயர் மாற்றித் தோட்டங்களுக்கு மாதக் கட்டணத்தில் விற்கிறது. தொழிலாளி பார்க்கும் திரையை எடுத்தும்விட்டார்கள். நண்பர்களில் ஒருவர் இப்போது கட்டாரில். பேட்டன்ட் எடுக்க வேண்டுமா? எந்த லைசன்ஸ் போடலாம்? கம்பனியை ஏதும் செய்ய முடியுமா? நிரலை மூடிவைக்க மனமில்லை."

அன்பின் சகோதரிக்கு,

லைசன்ஸ் போடாததால் உங்கள் நிரல் ஊர்ச்சொத்து ஆகிவிடவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலையும் நூல், கட்டுரை போன்ற எழுத்தாக்கமாகவே எடுத்துக்கொள்கிறது. எழுதியவுடனே பதிப்புரிமை வந்துவிடும். எங்கும் பதியவோ கட்டணம் கட்டவோ வேண்டியதில்லை. எழுதியவரின் ஆயுட்காலமும் அதன் பிறகு 70 ஆண்டும் அந்த உரிமை நிற்கும். பேர்ன் உடன்படிக்கையில் இலங்கையும் இருப்பதால் வெளிநாடுகளிலும் அது செல்லும். லைசன்ஸ் என்பது அந்த உரிமையில் ஒரு பங்கைப் பிறர் அனுபவிக்க நீங்கள் கொடுக்கும் அனுமதி. அனுமதியே கொடுக்காதபோது, கிட்ஹப்பின் விதிப்படி மற்றவர்கள் அந்தத் தளத்தில் உங்கள் நிரலைப் பார்க்கலாம், தளத்துக்குள்ளேயே தங்கள் கணக்கில் ஒரு பிரதி (ஃபோர்க்) எடுக்கலாம். அதை எடுத்துத் தோட்டங்களுக்கு விற்க யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே இன்றைய நிலையில் சட்டம் உங்கள் பக்கமே நிற்கிறது. இனி அவசரத்தில் நீங்கள் செய்யும் ஏதாவது ஒன்று அந்த நிலையைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

பேட்டன்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கணித முறைக்கும் வியாபாரம் செய்யும் முறைக்கும் நம் சட்டம் பேட்டன்ட் தருவதில்லை. கொழுந்துக் கணக்குப் போடும் முறை அதற்குள் அடங்கிப்போகும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பதிப்புரிமை காப்பது நீங்கள் எழுதிய வரிகளையே. யோசனையை அது காக்காது. அந்தக் கம்பனி உங்கள் செயலியைப் பார்த்து, ஒரு வரியும் எடுக்காமல் அதே வேலையைச் செய்யும் வேறொன்றைத் தானே எழுதியிருந்தால் உங்களால் எதுவும் செய்ய முடியாது. அதனால் அவர்கள் நிரலையே பிரதி எடுத்தார்கள் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. லைசன்ஸைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு சாட்சியத்தைச் சேர்க்கச் சொல்வது அதனால்தான்.

இன்றே செய்ய வேண்டியது, கிட்ஹப்பில் உங்கள் நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம் முழுவதையும் கிட் க்ளோன் கட்டளையில் மிரர் தெரிவோடு பிரதி எடுப்பது. எல்லாக் கிளையும் டேக்கும் அதில் வந்துவிடும். அதைச் சுருக்கி ஒரே கோப்பாக்கி, அதன் ஷா-256 எண்ணை (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு எழுதிவையுங்கள். ஒரு பிரதி உங்களிடம், இரண்டு பிரதி நண்பர்களிடம் இருக்கட்டும். பிறகு, பழைய பதிவுகளில் தொழிலாளரின் சொந்த விபரம் எதுவும் இல்லையென்றால், சொஃப்ட்வெயார் ஹெரிட்டேஜ் தளத்துக்குப் போய் உங்கள் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். அது உலகின் மூலநிரல்களைச் சேர்த்துவைக்கும் இலாப நோக்கற்ற ஆவணகம், கட்டணம் கிடையாது. மூன்றாம் தரப்பு ஒன்று இந்தத் திகதியில் இந்த நிரல் இருந்தது என்று சொல்வதற்குப் பெறுமதி அதிகம். கமிட்டில், அதாவது நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவில், தெரியும் திகதியை எழுதுபவர் தன் கணினியிலேயே விரும்பியபடி மாற்றலாம், அடுத்த பக்கச் சட்டத்தரணி முதலில் பிடிப்பதும் அதைத்தான். கிட்ஹப் தன் பக்கத்தில் பதிந்த வெளியீட்டுத் திகதிகள், களஞ்சியத்தின் இஷூ பகுதியில் பிறர் எழுதிய கேள்விகள், நீங்கள் மூவரும் பரிமாறிய மின்னஞ்சல்கள், தோட்டத்தில் சோதித்துப் பார்த்தபோது எடுத்த படங்கள் இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தத் திகதிக்குப் பலம் தரும். நிரலை அச்சடித்துத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம்.

அடுத்து அவர்களுடைய செயலி. களவாக எடுக்காதீர்கள். அதை வாங்கிப் பாவிக்கும் தோட்டம் ஒன்றின் சம்மதத்தோடு, எந்தப் போனில், எந்தத் திகதியில், யார் முன்னிலையில் என்று குறித்து ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்ட் செயலியை நிறுவும் கோப்பு) எடுங்கள். அதற்கும் ஷா-256 எண் வேண்டும். ஜாடெக்ஸ், ஏபிகே-டூல் ஆகிய இரண்டும் அதைத் திறந்து காட்டும். பிரித்துப் பார்ப்பது ஒப்பிடுவதற்கு மட்டும் இருக்கட்டும். பிரித்ததை எங்கும் வெளியிட வேண்டாம்.

எங்கே பார்ப்பது? திரைகளின் தோற்றம் ஒத்திருப்பது பலவீனமான சாட்சியம். இதே வேலைக்கு யார் எழுதினாலும் பெயர், எடை, கழிவு என்றுதான் கட்டம் போடுவார்கள். நிரலின் உட்பகுதிகளான வகுப்புகளின் பெயர்களை ப்ரோகார்ட் போன்ற கருவி ஏ, பி, சி என்று சுருக்கிவிட்டிருக்கும், அதைப் பார்த்து மனந்தளர வேண்டாம். நிரலுக்குள் மேற்கோளில் இருக்கும் சொற்களையும் தரவுத்தளப் பட்டியல்களின் பெயர்களையும் அது பெரும்பாலும் தொடுவதில்லை. உங்கள் செயலி ரூம் என்ற ஆண்ட்ராய்ட் தரவுத்தள நூலகத்தில் தரவை வைத்தால், அந்தப் பட்டியல் அமைப்பிலிருந்து கணக்கிட்ட 32 எழுத்து அடையாள எண் ஒன்று செயலிக்குள் பதிந்திருக்கும். இரண்டு செயலியிலும் அது ஒன்றாக இருந்தால், பட்டியல்களும் நெடுவரிசைகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. தற்செயலாக அப்படி அமைவதை எவரும் நம்பமாட்டார்கள். தமிழ்ச் சொற்கோப்பில் நீங்கள் விட்ட எழுத்துப்பிழை அவர்களிடமும் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதிவிட்டுப் பாவிக்காமல் விட்ட சொற்கள் அங்கேயும் பாவனையில்லாமல் கிடக்கின்றனவா?

எல்லாவற்றிலும் பலமானது பழைய பிழை. சாக்குக் கழிவைக் கழித்தபிறகு கிலோவை முழுமையாக்குவதா, முழுமையாக்கிவிட்டுக் கழிப்பதா என்பதில் உங்கள் முதற்பதிப்பில் ஒரு தவறு இருந்து, பிறகு திருத்தியிருந்தால், அந்தத் தவறு வெளிப்படும் எடைகளை அவர்கள் செயலியில் போட்டுப் பாருங்கள். அதே தவறான விடை வந்தால் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும். இப்படிக் கிடைப்பதை இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணையாக எழுதுங்கள்: இடப்பக்கம் உங்கள் கோப்பின் பெயரும் வரி எண்ணும், வலப்பக்கம் அவர்களுடையதில் அது இருக்கும் இடம். பத்து வலுவான ஒற்றுமை போதும். நூறு பலவீனமானவற்றைக் குவித்தால் பத்தும் மங்கிவிடும். இதை இணைத்து ஒரு சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்துவைத்தால், பின்னால் சட்டத்தரணியிடம் போகும்போது அவருடைய பாதி வேலை முடிந்திருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகே களஞ்சியத்தைச் சுத்தம் செய்யத் தொடங்குங்கள். சோதனைக்காகப் போட்ட உண்மையான தொழிலாளர் பெயர்கள், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இலக்கங்கள், சம்பள விபரம் ஏதாவது பழைய கமிட்டில் கிடந்தால் அதை அகற்றியே ஆக வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைவிட அந்த மக்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். கிட் ஃபில்டர்-ரீப்போ கருவி அதைச் செய்யும். ஆனால் அது ஓடினால் அந்த இடத்திலிருந்து எல்லாக் கமிட்டின் அடையாள எண்ணும் மாறிவிடும், சாட்சியத் தொடர் அறுந்துபோகும். மிரர் பிரதியை முதலில் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்தப் பிரதிக்குள் மக்களின் தரவு இன்னும் இருப்பதால் அதைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வையுங்கள். சொஃப்ட்வெயார் ஹெரிட்டேஜில் போட்டது எல்லாருக்கும் தெரியும், நிலைத்தும் நிற்கும். ஆகவே பழைய கமிட்டில் தனிப்பட்ட தரவு இருக்கிறதென்றால் அங்கே அனுப்புவதை மட்டும் சுத்தம் செய்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

செயலிக்குக் கையொப்பமிடும் சாவி இருக்கும் கீஸ்டோர் கோப்பு களஞ்சியத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதிதாக எழுதுபவர்கள் பலர் அதையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறார்கள். அது வெளியே போனால், உங்கள் பெயரிலேயே ஒரு பதிப்பைத் தயாரித்து, போனில் இருக்கும் உங்கள் செயலிக்கு மேல் ஏற்ற எவராலும் முடியும். அழித்தால் மட்டும் போதாது, சாவியையே மாற்ற வேண்டும். சேவையகக் கடவுச்சொற்களுக்கும் இதே விதிதான்.

இனி நீங்கள் கடிதத்தில் கேட்காத கேள்விக்கு வருகிறேன்: அந்த நிரல் உண்மையில் யாருடையது? இதைத் தீர்க்காமல் எந்த லைசன்ஸ் போட்டாலும் அத்திவாரம் இல்லாத சுவர்தான்.

நீங்கள் ஒரு மென்பொருள் கம்பனியில் சம்பளத்துக்கு வேலை செய்பவர். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஊழியர் தன் வேலையின் போக்கில் ஆக்கியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். இரவில், சொந்த மடிக்கணினியில், கம்பனித் தொழிலோடு சம்பந்தமில்லாத ஒன்றை எழுதினால் அது உங்களுடையது என்று சொல்ல நல்ல இடம் இருக்கிறது. கம்பனி மடிக்கணினி, கம்பனி மின்னஞ்சல், வேலை நேரம் இவற்றில் ஒன்று கலந்திருந்தாலும் வழக்காட இடமுண்டு. நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் எழுதும் எல்லா மென்பொருளும் கம்பனிக்கே என்ற வாசகம் அதில் இருந்தால், மனிதவளப் பிரிவிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். செயலியின் பெயர், களஞ்சிய முகவரி, இதன் மீது கம்பனிக்கு உரிமை எதுவும் இல்லை, திறந்த மூலமாக (எவரும் பார்த்து, மாற்றி, பாவிக்கும்படி) வெளியிட ஆட்சேபம் இல்லை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் போட வேண்டும். பக்கத்து மேசை டீம் லீடர் வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று அனுப்பியது போதாது. கொழும்புக் கம்பனிக்குக் கடிதம் அனுப்பிய பிறகு இதைக் கேட்கப் போனால், உங்கள் முதலாளி தயங்குவார். முன்கூட்டியே கேளுங்கள்.

நண்பர்கள் எழுதிய பகுதி அவர்களுடையது. மூவரும் பிரிக்க முடியாதபடி சேர்ந்து எழுதியது மூவருக்கும் கூட்டாகச் சொந்தம். அதனால் கட்டாரில் இருப்பவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் நீங்கள் முழு நிரலுக்கும் லைசன்ஸ் போட முடியாது. இதற்கு இரண்டு வழி. அவர்கள் தங்கள் உரிமையை உங்கள் பெயருக்கு எழுதித் தரலாம்; அல்லது உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, இன்ன லைசன்ஸின் கீழ் வெளியிடச் சம்மதம் என்றும், மீறுவோருக்கு எதிராக மூவர் சார்பிலும் நடவடிக்கை எடுக்க உங்களுக்கு அதிகாரம் தருகிறோம் என்றும் எழுதலாம். இரண்டாவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். நாளைக்கு இது பணம் தரும் ஒன்றாக மாறினால், ஒருவர் பெயரில் எல்லாம் இருப்பது நட்பையும் கெடுக்கும். ஒரு தோட்டக் கம்பனிக்குத் தனி உரிமத்தை விலைக்குக் கொடுக்க நேர்ந்தால் மூவரும் சேர்ந்து முடிவெடுப்போம், வருவதை இப்படிப் பிரிப்போம் என்ற வரியையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். மின்னஞ்சலோடு நிறுத்தாமல் மூவரும் கையெழுத்திட்ட தாளாக எடுங்கள். கட்டாரிலிருந்து ஸ்கேன் முதலில் வரட்டும், மூலப்பிரதியைத் தபாலில் எடுத்து வையுங்கள்.

இடையில் இஷூ பார்த்துத் திருத்தம் அனுப்பிய வெளியாட்களும் இருப்பார்கள். ஒரு எழுத்துப்பிழைத் திருத்தத்துக்காக யாரையும் தேட வேண்டாம். ஆனால் ஒருவர் புதிய அச்சிடும் பகுதியையே எழுதித் தந்திருந்தால் அவர் சம்மதமும் வேண்டும்; ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டுத் திரும்ப எழுதுவதே சுத்தமான வழி. இனிமேல் வருபவர்களுக்கு லினக்ஸ் கேர்னல் 2004இல் கொண்டுவந்த டிசிஓ முறை போதும்: ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் "சைன்ட்-ஒஃப்-பை" என்று தன் பெயரும் மின்னஞ்சலும் போட்டு, இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பங்களிப்பவர் உறுதி சொல்வது. கிட் கமிட் கட்டளையோடு சிறிய எஸ் தெரிவைச் சேர்த்தால் அந்த வரி தானாக விழும்.

நீங்கள் பிறரிடமிருந்து எடுத்ததையும் பாருங்கள். நிறுவைத் துண்டை பிடிஎஃப் ஆக அச்சிட ஐடெக்ஸ்ட் நூலகத்தின் 5ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ உள்ளே இருந்தால், அது ஏஜிபிஎல், அதாவது சேர்த்து வெளியிடுபவர் தன் மூலநிரலையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டும் என்னும் லைசன்ஸ். அதை வைத்துக்கொண்டு உங்கள் செயலிக்கு எம்ஐடி லைசன்ஸ் என்று மட்டும் எழுதி வெளியிட்டால் நீங்களே மீறுபவர் ஆவீர்கள், கொழும்புக் கம்பனியின் சட்டத்தரணி அதைக் கையில் எடுப்பார். ஸ்டேக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் இருந்து எடுத்த துண்டுகள் கிரியேட்டிவ் கொமன்ஸ் நிபந்தனையோடு வருபவை; இணைப்பையும் எழுதியவர் பெயரையும் குறிப்பில் போடுங்கள், பெரிய துண்டென்றால் திரும்ப எழுதுங்கள். தமிழ் எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் என்றால் அதன் எழுத்துரு உரிமக் கோப்பையும் சேர்த்தால் கவலையில்லை. எங்கிருந்து வந்ததென்று தெரியாத பழைய எழுத்துரு ஏதாவது இருந்தால் தூக்கிவிடுங்கள்.

இப்போது லைசன்ஸ். எம்ஐடி என்றால், பெயர்க்குறிப்பையும் உரிம வாசகத்தையும் வைத்துக்கொண்டு எவரும் எதையும் செய்யலாம், மூடியும் விற்கலாம். அப்பாச்சி 2.0உம் அப்படியே, பேட்டன்ட் பற்றியும் பங்களிப்புப் பற்றியும் தெளிவான வாசகம் கூடுதலாக உண்டு. இலங்கையில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 போன்ற பெரிய நிறுவனமே அப்பாச்சியில் நிரலைத் திறந்துவைத்துத்தான் வியாபாரம் செய்கிறது. ஆனால் அவர்கள் சேவையை விற்கப் பலம் உள்ளவர்கள். உங்கள் மூவருக்கும் அந்தப் பலம் இப்போது இல்லை. இந்த இரண்டில் ஒன்றைப் போட்டால் நீங்கள் கோபப்படும் அதே காரியத்துக்கு நீங்களே அனுமதி கொடுத்ததாகும்.

2007இல் வந்த ஜிபிஎல் 3, செயலியைப் பிறருக்குக் கொடுப்பவர் தன் மாற்றங்களோடு மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. போனில் ஏறும் பகுதிக்கு அது சரி. ஆனால் உங்கள் செயலிக்குச் சேவையகப் பகுதியும் இருந்தால், வேலையின் ஒரு பங்கு அங்கே நடக்கும். மாற்றிய சேவையக நிரலைத் தன் கணினியில் ஓடவிட்டு, மாதக் கட்டணம் வாங்கும் கம்பனி, அதை எவருக்கும் "கொடுக்கவில்லை"; ஆகவே ஜிபிஎல் அதைப் பிடிக்காது. அந்த ஓட்டையை அடைக்கவே அதே 2007இல் ஏஜிபிஎல் 3 வந்தது. அதன் 13ஆம் பிரிவின்படி, மாற்றிய பதிப்போடு வலையமைப்பு வழியாகத் தொடர்புகொள்ளும் ஒவ்வொரு பாவனையாளருக்கும் மூலநிரலைப் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். உங்கள் நிலைக்கு செயலி, சேவையகம் இரண்டுக்கும் "ஏஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு" என்று போடுங்கள் என்பதே என் ஆலோசனை. தராசோடு புளூடூத்தில் பேசும் சிறிய பகுதியை மட்டும் தனிக் களஞ்சியமாக்கி அப்பாச்சி 2.0 கொடுக்கலாம். தராசு விற்பவர்கள் அதைத் தாங்களே எடுத்துப் பாவித்தால் உங்களுக்கே நன்மை: புதிய தராசு வரும்போது அதற்கான திருத்தத்தை அவர்களே அனுப்புவார்கள். கைநூலுக்கு கிரியேட்டிவ் கொமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 (பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர்வது) பொருத்தம், நிரலுக்கு அந்த வகை உரிமத்தைப் போடாதீர்கள்.

ஏஜிபிஎல் என்றதும் தோட்ட நிர்வாகங்கள், சம்பளக் கணக்கையும் வெளியிட வேண்டுமோ என்று பயப்படும். வேண்டியதில்லை, அந்த உரிமம் கட்டுப்படுத்துவது நிரலை மட்டுமே, தரவை அல்ல. இதைக் கைநூலின் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். "வியாபாரத்துக்குப் பாவிக்கக் கூடாது" என்று நீங்களாக ஒரு வரி சேர்க்கவும் வேண்டாம். அதைச் சேர்த்தால் அது திறந்த மூலம் அல்ல. திறந்த மூல முயற்சி (ஓஎஸ்ஐ) என்ற அமைப்பின் வரையறை பாவனைத் துறையை வைத்துத் தடை போடுவதை ஏற்பதில்லை. தோட்டம் என்பதே வியாபாரம் என்பதால் நீங்கள் யாருக்காக எழுதினீர்களோ அவர்களும் பாவிக்க முடியாமல் போகும். ஏஜிபிஎல் போட்ட பிறகு அந்தக் கம்பனி நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் உங்கள் நிரலை விற்கலாம், ஒரு ரூபாவும் உங்களுக்குத் தர வேண்டியதில்லை. கொடுத்த பதிப்புக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கவும் முடியாது. மூவரும் உட்கார்ந்து இதற்கு மனம் ஒப்புகிறதா என்று பேசிய பிறகு போடுங்கள்.

போடும் விதம் எளிது. உரிமத்தின் முழு வாசகத்தையும் ஒரு எழுத்தும் மாற்றாமல், ஆங்கிலத்திலேயே, களஞ்சியத்தின் வேரில் லைசன்ஸ் என்ற பெயருள்ள கோப்பாக வையுங்கள். தமிழ் விளக்கம் வேறு கோப்பில் இருக்கலாம், ஆனால் செல்லுபடியாவது ஆங்கில மூலமே என்று அதில் சொல்லுங்கள். ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் இரண்டு வரி: ஆண்டும் மூவர் பெயரும் கொண்ட பதிப்புரிமை வரி, அடுத்து எந்த உரிமம் என்று சுருக்கமாகச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி. கோப்பு தனியே பிரிந்து போனாலும் அந்த இரண்டு வரியும் கூடவே போகும். செயலியின் "பற்றி" திரையிலும் பெயர்கள், உரிமம், மூலநிரல் இணைப்பு இருக்கட்டும். ஏஜிபிஎல்லின் 7ஆம் பிரிவு, எழுதியவர் பெயர்க்குறிப்பை அகற்றக் கூடாது என்றும் வியாபாரக் குறியைப் பாவிக்க இந்த உரிமம் அனுமதி தரவில்லை என்றும் நீங்கள் மேலதிகமாக எழுத இடம் தருகிறது. இரண்டையும் எழுதுங்கள்.

கம்பனிக்கு எழுதும் கடிதம் இதற்குப் பிறகு. அதுவரை பேஸ்புக்கில் ஒரு சொல்லும் வேண்டாம். எழுதினால் அவர்கள் விழித்துக்கொண்டு அடுத்த பதிப்பில் தடயங்களை அழிப்பார்கள், உங்கள் மேல் மானநட்ட வழக்குப் போடவும் இடம் கொடுத்ததாகிவிடும். கடிதம் ஒரு பக்கத்தில், அமைதியான தொனியில், மூவரும் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் போகட்டும். வாசகம் இந்தப் போக்கில் இருக்கலாம்:

"நீங்கள் விநியோகிக்கும் செயலியின் இன்ன பதிப்பில் எங்கள் நிரல் உள்ளது. ஒற்றுமைகளின் அட்டவணை இணைக்கப்பட்டுள்ளது. அதைப் பிரதி செய்யவோ மாற்றவோ விநியோகிக்கவோ நாங்கள் உங்களுக்கு அனுமதி தரவில்லை. இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் விநியோகத்தை நிறுத்தி எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். அல்லது எங்கள் பெயர்க்குறிப்பைச் சேர்த்து, உங்கள் மாற்றங்கள் உட்பட முழு மூலநிரலையும் ஏஜிபிஎல் 3இன்கீழ் உங்கள் பாவனையாளருக்குக் கிடைக்கச் செய்யுங்கள். கடந்த காலப் பாவனை தொடர்பான எங்கள் உரிமைகள் எதையும் இதன் மூலம் விட்டுக்கொடுக்கவில்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். லைசன்ஸ் போடுவதற்கு முன்பு நடந்த மீறலைப் பற்றிப் பேசும் உரிமையை அது காக்கிறது. நட்டஈட்டுத் தொகை எதையும் முதற்கடிதத்தில் எழுதவேண்டாம், மிரட்டவும் வேண்டாம். வேண்டுமென்றே மீறுவது குற்றமும்தான். அதை எப்போது சொல்வது என்பதைச் சட்டத்தரணி தீர்மானிக்கட்டும்.

பதில் வராவிட்டால், செயலி கூகுள் பிளேயில் இருந்தால் கூகுளின் பதிப்புரிமைப் படிவத்தில் முறையிடலாம். அவர்கள் நிரலை கிட்ஹப்பில் வைத்திருந்தால் அங்கேயும் டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி அகற்றக் கோரலாம். வழக்குச் செலவில்லாமல் கைக்கு எட்டும் வழி இதுதான். படிவத்தில் உரிமை உங்களுடையது என்று சத்தியம் செய்து கையெழுத்திடுகிறீர்கள் என்பதால், முதலாளியின் கடிதமும் நண்பர்களின் தாளும் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அவர்கள் எதிர் அறிவித்தல் கொடுத்தால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குத் தொடராத பட்சத்தில் செயலி திரும்ப வந்துவிடலாம். வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பி விற்பவர்களிடம் இந்த வழி பலிக்காது. அப்போது சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம், அதற்கும் மசியாவிட்டால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். மலையிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் கொழும்புக்குப் போய்வரும் செலவை முன்கூட்டியே கணக்கிடுங்கள். புலமைச் சொத்து வழக்குப் பேசிய சட்டத்தரணியையே தேடுங்கள்.

உங்களை அதிகம் நோகடித்தது தொழிலாளியின் திரையை எடுத்ததுதான் என்று கடிதத்தில் தெரிகிறது. அதை எந்தத் திறந்த மூல லைசன்ஸாலும் தடுக்க முடியாது. மாற்றும் சுதந்திரத்தைக் கொடுத்தால், எடுத்துவிடும் சுதந்திரமும் சேர்ந்தே போகிறது. அந்த இடத்தில் உங்களுக்கு உதவக்கூடியது பெயர். நிரலை யாரும் மாற்றலாம். ஆனால் உங்கள் பெயரையும் சின்னத்தையும் போட உங்கள் அனுமதி வேண்டும் என்று வைக்கலாம். கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியுங்கள். சர்வதேச வகுப்புகளில் மென்பொருளுக்கு 9, மென்பொருள் சேவைக்கு 42. பதிவு 10 ஆண்டுக்கு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். "கொழுந்து", "நிறுவை" போன்ற, தொழிலையே விபரிக்கும் சொல்லைப் பெயராக வைத்தால் பதிவு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் பலம் குறைவு. புதிதாக உண்டாக்கிய சொல்லோ, தொழிலோடு தொடர்பில்லாத சொல்லோ நல்லது. விண்ணப்பம் மூவர் பெயரிலும் இருக்கட்டும்.

பெயர்ப் பாவனை விதியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: தொழிலாளி அன்றைய எடை, கழிவு, மிச்சம் மூன்றையும் தன் மொழியில் பார்க்கும் திரை இல்லாத எந்தப் பதிப்பும் இந்தப் பெயரையோ சின்னத்தையோ பாவிக்கக் கூடாது. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் களஞ்சியத்தில் வைத்து, நீங்கள் அறிந்த தோட்ட ஆபீஸ்களுக்கும் தொழிற்சங்கக் கிளைகளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். மடுவத்தில் புதிதாக ஒரு போன் வரும்போது அந்தச் சின்னம் அதில் இருக்கிறதா என்று கேட்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் வரும் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டாம்; பெயரை இன்றிலிருந்தே ஒழுங்காகப் பாவித்து வந்ததற்கான தடயமும் பின்னால் உங்களுக்கு உதவும்.